பின்தொடர்வில் தவறியோர்

ஆரப்பாளையத்தில் ஐந்து மணிக்கு ஏறினால்
வாடிப்பட்டி தாண்டி மில் வாசலில்
இரவு ஷிப்ட் வெளியே வருவதற்குள் இறங்கிவிடலாம்.
பையில் எடைக்கருவி, மாத்திரைப் பட்டைகள்,
தோலைப் பெரிதாக்கும் விளக்குக் கண்ணாடி,
அதைவிட மலிவாக
ஒரு புட்டி நீல மசி.

விரலிடுக்கில் மசியைத் தடவி
ஸ்பிரிட் பஞ்சால் துடைப்போம்.
எல்லாம் போய்விடும்.
பூச்சி குடைந்த வழி மட்டும் மசியைக் குடித்து நிற்கும்,
எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்ட கோடு மாதிரி.
கோட்டின் முனையில் இருக்கிறாள் அவள்.
எட்டுக் கால், கண் கிடையாது,
நாளுக்கு இரண்டு மூன்று முட்டை.

"தினமும் குளிக்கிறோம் மேடம்"
என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள்.
நான் கேட்கவே இல்லை.
படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.
வார்டன் ரெஜினா கேட்டது வேறு:
விடுதிப் பெயர் வெளியே வருமா?
வராது. எங்களுக்கு நீங்கள் 'தொகுதி நான்கு'.

தொகுதி நான்கில் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாய் எழுபது.
ஒருத்தி எழுந்து போன சூட்டில்
இன்னொருத்தி படுக்கிறாள்.

மாத்திரை முட்டையைத் தொடாது.
பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் இரண்டாம் வேளை,
பதினாலாம் நாள்.
பதினாலாம் நாள் விடுதி காலி.
அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று
மில்லையே இழுத்துப் பூட்டியிருந்தார்கள்.
பின்தொடர்வில் தவறியோர்: நாற்பத்தொன்று.
காரணம் என்ற கட்டத்தில்
'அழகர்' என்று எழுதினேன்.
டாக்டர் வேதநாயகி சிரித்துவிட்டு அதை அடித்து
'திருவிழா விடுப்பு' என்றார்.

மாதக் கூட்டத்தில்
மருந்துக்கு மசியாத பூச்சி பற்றிப் பேச்சு.
திரையில் மரபணு வண்ண வண்ணப் பட்டையாக நின்றது,
எல்லார் முகத்திலும் அந்த வெளிச்சம்.
நான் பாய் வரைபடம் கொண்டுபோயிருந்தேன்,
யார் எழுந்த பாயில் யார் என்று அம்புக்குறி போட்டு.
பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

உரசிப்போனால் ஒட்டாது இது.
வைகை மணலில் லட்சம் பேர் இடித்துக்கொண்டு நின்றாலும்
பயமில்லை.
கைகுலுக்கலுக்கு வராது.
கால் மணி நேரமாவது
தோல் தோலோடு சும்மா இருக்க வேண்டும்.
கட்டுரைகளில் இதற்குப் பெயர் 'நீடித்த தொடர்பு'.
வேறு எதை நாம் இப்படி அளந்து வைத்திருக்கிறோம் என்று
பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆனி பிறந்த வாரத்தில்
எல்லீஸ் நகர் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
அரிப்பு எழுப்பியது.
டியூப் லைட்டைப் போட்டு, மசி தடவி, துடைத்தேன்.
கோடு நின்றது.

முதல் தடவை வந்தால்
நாலிலிருந்து ஆறு வாரம் உடம்புக்கே தெரியாது.
பின்னோக்கி எண்ணினேன்.
ஐந்தாவது வாரத்தில் ஒரு வியாழன்:
ஒச்சம்மா, பத்தொன்பது வயது,
முப்பத்தெட்டு கிலோ, மூன்று மாத்திரை.
மூன்று வருஷச் சேமிப்பை
அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப்போன கதையை
நான் கையுறை கழற்றும்வரை சொல்லவில்லை.
கழற்றிய கையைப் பிடித்துக்கொண்டாள்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.
எட்டரை பஸ் ஹார்ன் அடித்துப் போனது கேட்டது.
ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடினேன்.

போதும். பூச்சிக்கு அது தாராளம்.

படிவத்தில் ஆய்வாளருக்குக் கட்டம் இல்லை.
ஆய்வு மாத்திரையைத் தொடாமல்
பைபாஸ் ரோட்டில் காசு கொடுத்து வாங்கினேன்.
அறுபத்தொரு கிலோ, நாலு மாத்திரை.
கூடவே இருந்தவர்கள் எல்லோருக்கும் மருந்து என்பது விதி.
ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன்:
யாரோடு படுத்தீர்கள், யாரைத் தூக்கி வைத்திருந்தீர்கள்,
ஒருவரையும் விடாமல் சொல்லுங்கள்.
இந்த ஐந்து வாரத்தை எண்ணிப் பார்த்தேன்.
ஒரு பட்டையே மிச்சம்.

காலண்டரில் பதினாலாம் நாளைச் சுழித்து வைத்திருக்கிறேன்.
அன்று திருவிழா எதுவும் இல்லை.